இங்கிட்டு, அங்கிட்டு

நீங்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் எனக்குத் தெரியும். நெயில் பாலிஷ் மேடம். போன வருடம் சேர்ந்தவர்கள் வைத்தது. நீங்கள் வந்த முதல் வாரத்திலேயே அதைக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். வெட்டுக்கிளியின் கால் நரம்பைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ளத்தான் மாதக்கணக்கில் ஆகிறது. எனக்குக் கோபமில்லை. ஓய்வு பெற்ற பிறகும் வந்துபோகும் இந்த ஆய்வகத்தில் என் பெயர் ஏதோ ஒரு ரூபத்தில் புழங்குகிறதே என்று சந்தோஷம்தான்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று துறைத்தலைவர் கேட்டார். நரம்பில் மின்கம்பியை எப்படி வைப்பது, பூச்சியை எப்படி மயக்குவது என்பதெல்லாம் உங்கள் செல்போனிலேயே இருக்கிறது. என்னைவிட அழகாகக் காட்டுகிறார்கள். அதனால் அந்த நெயில் பாலிஷ் எங்கிருந்து வந்தது என்பதை எழுதுகிறேன். எந்தப் பூச்சியைக் கூண்டிலிருந்து எடுத்தாலும் அதன் வலது பின்னந்தொடையில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்த பிறகுதான் மற்ற வேலை என்று உங்களை நான் பாடாய்ப் படுத்தியதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தின் பெயர் வள்ளிக்கண்ணு.

இந்த ஆய்வகத்துக்கு நான் ஆய்வு மாணவியாக வந்தபோது வள்ளிக்கண்ணு இங்கே இரண்டு வருடம் மூத்தவள். அறந்தாங்கிப் பக்கம் விவசாயக் குடும்பம். எனக்குக் குடுமியான்மலை. இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்த இந்தப் பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறை, ஆய்வகத்தில் ஒரே மேசை. நான் அக்கா என்பேன். அவள் என்னை ஆத்தா என்பாள், அவள் ஊரில் சின்னப் பெண்களைக் கூப்பிடுவதுபோல. பேச்சு வேகத்தில் அது வெறும் த்தா ஆகிவிடும். அவளுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், கணவர் துபாயில். வருடத்துக்கு ஒரு மாதம் அவர் வருவார், அந்த ஒரு மாதம் இவள் வரமாட்டாள். மீதிப் பதினோரு மாதமும் பூச்சிதான்.

நான் வந்த மூன்றாம் நாள் ஒரு வெட்டுக்கிளியை அதன் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கினேன். கால் என் கையில் இருந்தது, பூச்சி ஜன்னல் கம்பியில் இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வள்ளிக்கா அடக்கமாட்டாமல் சிரித்தாள். "அழுகாத த்தா. நீ ஒடைக்கல. அதுவாக் கழட்டி ஒங்கிட்டக் குடுத்துட்டுப் போயிருச்சு. உசுரு முக்கியமா காலு முக்கியமான்னு அதுக்குத் தெரியும்" என்றாள். பிறகு காலை விட்டுவிட்டுப் பூச்சியின் தோளைப் பிடிப்பது எப்படி என்று காட்டினாள். அவள் விரல்கள் குட்டையானவை, கடலை பிடுங்கிக் காய்த்தவை. அந்த விரல்களால் முடியைவிட மெல்லிய நரம்பை அவள் தொட்டுத் தூக்கும்போது பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

வள்ளிக்காவின் கேள்வி எளிமையானது. நல்ல கேள்விகள் எல்லாமே அப்படித்தான் இருக்கும். வெட்டுக்கிளிக்கு ஆறு கால். ஒரு பின்னங்காலுக்குப் போகும் நரம்பை வெட்டிவிட்டால் அந்தக் கால் இழுபடும். மீதி ஐந்து கால்களும் தங்கள் நடையை மாற்றிக்கொண்டு சமாளிக்கும். யார் முதலில் மாறுவது? வெட்டுப்பட்ட அதே பக்கத்து நடுக்காலா, எதிர்ப்பக்கத்து நடுக்காலா? முதலில் மாறுவது எதுவென்று தெரிந்தால் அந்தச் செய்தி பூச்சியின் உடம்புக்குள் எந்த வழியாகப் போகிறது என்று ஊகிக்கலாம். இதுதான் அவளுடைய ஆய்வேட்டின் உயிர். மற்ற அத்தியாயங்கள் எல்லாம் இதற்குப் போட்ட பந்தல்.

வேலையை நாங்கள் பிரித்துக்கொண்டோம். காலையில் வள்ளிக்கா நரம்பை வெட்டுவாள். பூச்சிக்கு மயக்கம் தெளிந்ததும் அதன் முதுகை ஒரு சொட்டு மெழுகால் கம்பியில் ஒட்டி, காலுக்கடியில் தெர்மோகோல் உருண்டையை வைப்போம். பூச்சி நடக்கும், உருண்டை சுற்றும், பூச்சி இருந்த இடத்திலேயே இருக்கும். வெட்டும்போதும் நடக்கும்போதும் அதன் தலை எப்போதும் எங்களுக்குப் பக்கவாட்டில் இருந்த ஜன்னல் பக்கம். நான் உட்கார்ந்து நடுக்கால்களை மட்டும் பார்த்து எழுதுவேன்; கண் சிமிட்டினால் தவறிவிடும், அதனால் இழுபடும் பின்னங்கால் பக்கம் பார்வையே போகாது. படம் பிடிக்கக் கேமரா அப்போது எங்களிடம் இல்லை. கண்தான் கேமரா.

இங்கேதான் எங்கள் ஊர்ப் பேச்சு எங்களைக் கவிழ்த்தது. வள்ளிக்கா வெட்டி முடித்ததும் "இங்கிட்டு வெட்டியாச்சு" அல்லது "அங்கிட்டு வெட்டியாச்சு" என்பாள். நான் நோட்டில் "இ" அல்லது "அ" என்று எழுதுவேன். எந்த நடுக்கால் முதலில் மாறியது என்பதையும் அப்படியே "இ", "அ" என்று எழுதுவேன். இங்கிட்டு என்றால் நமக்குப் பக்கத்தில் இருப்பது, அங்கிட்டு என்றால் நமக்கு அப்பால் இருப்பது. மேசை சுவரோடு ஒட்டி இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு இங்கிட்டு எதுவோ எனக்கும் அதுதான் இங்கிட்டு. வலது இடது என்று யோசிக்கவேண்டிய தேவையே வரவில்லை. யோசித்துப் பாருங்கள், நம் வீடுகளில் யார் வலது இடது என்கிறார்கள்? "அங்கிட்டுப் போ, இங்கிட்டு வா" என்றுதானே வளர்ந்தோம்.

அந்த வருடம் கார்த்திகை மழையில் கூரை ஒழுகியது. சரியாக எங்கள் மேசைக்கு மேலே. மேசையை அறையின் நடுவுக்கு இழுத்துப் போட்டோம். இப்போது சுவர் இல்லை, இரண்டு பக்கமும் உட்காரலாம். வள்ளிக்கா ஒரு பக்கம், நான் எதிர்ப்பக்கம். ஒழுகும் இடம் மாறினால் சில நாள் பழையபடி ஒரே பக்கம் நெருங்கிக்கொள்வோம். அதற்கு முன் செய்திருந்த ஏழெட்டுப் பூச்சிகளைக் கைபழகுவதற்குச் செய்தவை என்று ஒதுக்கிவிட்டு, புதிய நோட்டு போட்டோம். அவள் பக்கத்திலிருந்து அவள் "இங்கிட்டு" என்றாள், நான் "இ" என்று எழுதினேன். என் பக்கத்திலிருந்து நான் பார்த்து என்னுடைய "இ" எழுதினேன். ஒரே மேசையில் இரண்டு இங்கிட்டு இருந்தது. இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை.

மாசி முடிவதற்குள் வள்ளிக்காவுக்கு ஒரு கண்டுபிடிப்பு கிடைத்துவிட்டது. வெட்டுப்பட்ட பக்கம் சும்மா இருக்கிறது, எதிர்ப்பக்கத்து நடுக்கால்தான் முதலில் மாறுகிறது. யாரும் எதிர்பாராத விடை. எங்கள் பேராசிரியர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படிச் செய்தால் மகிழ்ச்சி என்று பொருள். சில பூச்சிகள் மட்டும் பொருந்தவில்லை. எல்லாப் பூச்சியும் ஒன்றுபோல் இருக்குமா என்று விட்டுவிட்டோம்.

அதே சமயத்தில் துபாயிலிருந்தும் செய்தி வந்தது. குடும்பத்தோடு இருக்க அவள் கணவருக்கு அனுமதி கிடைத்துவிட்டது. வைகாசியில் டிக்கெட். ஆறு வருடம் வருடத்துக்கு ஒரு மாதம் குடித்தனம் செய்தவள் அவள். அந்த வாரம் முழுக்க அவள் ஆய்வகத்தில் முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். சுருதி சேராது, ஆனால் கேட்க நன்றாக இருந்தது. போவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் போனால் திரும்பி வந்து கொடுப்பது என்பது நடக்காது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பங்குனியில் கூரையைப் பூசிக் கொடுத்தார்கள். மேசையைப் பழையபடி சுவரோடு தள்ளினோம். தனக்கு நேரில் காட்டுவதற்காக ஒரு பூச்சி செய்யச் சொல்லியிருந்தார் பேராசிரியர். வள்ளிக்கா வெட்டினாள். "இங்கிட்டு" என்றாள். மதியம் அவள் அவரைக் கூப்பிடப் போயிருந்தபோது நான் உட்கார்ந்து பார்த்தேன். நோட்டில் "இ" என்று எழுதினேன். ஒரே பக்கம். கண்டுபிடிப்புக்கு நேர் எதிர்.

பொருந்தாத பூச்சி என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு என் தோளுக்குப் பக்கத்தில் இருந்த அவளுடைய காலி நாற்காலியைப் பார்த்தேன். அது எனக்கு எதிரே இல்லை, பக்கத்தில் இருந்தது. எதிரெதிரே உட்கார்ந்து எழுதிய நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன்.

பேராசிரியர் வந்தபோது பூச்சி நடக்கமாட்டேன் என்கிறது என்று சொல்லிவிட்டேன். அது மட்டும் உண்மை. நான்தான் அதன் காலடியிலிருந்து உருண்டையை எடுத்துவிட்டேனே.

இனி எழுதப்போவதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்கவேண்டும். தப்பு நடந்தது பெரிய விஷயமில்லை. ஆய்வகம் என்றால் தப்பு நடக்கும். நான் நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. அதுதான் விஷயம்.

அவள் மனசு உடைந்துவிடும், பாவம், சந்தோஷமாக இருக்கிறாள், இன்று ஒரு நாள் போகட்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவளுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று நம்பினேன். பொய். நோட்டில் எழுதியது என் கை. அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்கிற பயம்தான் முழுக்க. பயத்துக்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொள்வது ரொம்ப சுலபம். உங்களுக்கும் வரும். அன்றைக்கு அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்.

நான்காம் நாள் காலை வள்ளிக்கா கூண்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதில் பதினான்கு வெட்டுக்கிளிகள் மீதி இருந்தன. ஐப்பசி மழைக்குப் பிறகு குளத்தூர்ப் பக்கத்துக் கடலைக் கொல்லைகளில் பிடித்துவந்து, குஞ்சு பொரிக்கவைத்து, பசும்புல் போட்டு அவள் வளர்த்தவை. வெளியே அப்போது ஒரு பூச்சி கிடையாது. கொல்லையெல்லாம் காய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்தது. அடுத்த மழைவரைக்கும் புதுக்கோட்டைச் சீமை முழுக்கத் தேடினாலும் ஒரு பரிசோதனைக்குப் போதுமானது கிடைக்காது.

"வேலதான் முடிஞ்சிருச்சே. இதுகளக் கொண்டுபோயி விட்டுட்டு வந்துருவோம்" என்றாள். மிச்சமாகும் பூச்சிகளை மற்றவர்கள் சாராயத்தில் போட்டுவிடுவார்கள். அவள் போடமாட்டாள். கண்மாய்க் கரையில் தண்ணீர் வற்றாத ஒரு மூலை இருந்தது. அங்கே எப்போதும் கொஞ்சம் புல் இருக்கும். அங்கே கொண்டுபோய் விடுவது அவள் வழக்கம்.

கூண்டை நான்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன். கண்மாய்வரைக்கும் கால் மணி நேர நடை. பதினான்கும் என் நெஞ்சுக்குப் பக்கத்தில் வலையில் மோதிக்கொண்டு வந்தன. பதினான்கு போதும் என்று எனக்குத் தெரியும். பத்து நாளில் செய்துவிடலாம். இந்த முறை வலது இடது என்று ஒழுங்காக எழுதினால், எந்தப் பக்கமாக இருந்தாலும் ஒரு விடை கிடைத்துவிடும். அவள் கேட்டது விடைதான், இந்த விடைதான் வேண்டும் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது சொல், இந்தப் பனைமரம் தாண்டியதும் சொல், மடை வந்ததும் சொல் என்று எனக்குள்ளே ஒருத்தி கத்திக்கொண்டே வந்தாள். அவளை நான் அடக்கிவிட்டேன்.

கரையில் வள்ளிக்கா குத்தவைத்து உட்கார்ந்து கூண்டின் மூடிக் கயிற்றை அவிழ்த்தாள். அவளே போட்ட முடிச்சுதான். அவிழ்க்க ரொம்ப நேரம் ஆனது. வெயில் தலையைப் பிளந்தது. ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"என்ன த்தா, ஒரு மாதிரியா நிக்கிற?"

"ஒண்ணுமில்லக்கா. வெயிலு."

அவள் மறுபடி குனிந்தாள். முடிச்சு அவிழ்ந்தது. மூடியை நான் பிடித்துக்கொண்டேன். ஒன்றிரண்டு தயங்கின, மற்றவை பாய்ந்தன. கடைசி ஒன்று விளிம்பில் உட்கார்ந்து முன்னங்காலால் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. வள்ளிக்கா அதன் பின்னால் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினாள். அதுவும் போய்விட்டது.

மறுநாள் காலை சொன்னேன். இனி ஒன்றும் செய்ய முடியாது என்றானதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. மேசையைச் சுவரிலிருந்து இழுத்து, எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் ஒரு பென்சிலை வைத்துக் காட்டினேன். அவளுக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது. பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதிர்த்தாப்புல ஒக்காந்த நாளுக்கெல்லாம் திருப்பிப் போட்டுக்கலாமேக்கா" என்றேன்.

"எந்த நாளு எதிர்த்தாப்புல ஒக்காந்தோம், எந்த நாளு இங்கிட்டு ஒண்ணா ஒக்காந்தோம்னு ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்ல."

"எங்கயாச்சும் எழுதியிருக்கோமா?"

"இல்லக்கா."

"அப்பறம் எதவச்சுத் திருப்புறது? விடைக்குத் தக்கனவா?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. "எப்பத் தெரிஞ்சுச்சு?" என்று மட்டும் கேட்டாள். திங்கட்கிழமை என்றேன். அவள் விரலை விட்டு எண்ணவில்லை, ஆனால் எண்ணினாள் என்று முகத்தில் தெரிந்தது. எழுந்து போய்க் காலிக் கூண்டைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவைத்தாள்.

பேராசிரியர் அவளை இரண்டு முறை கூப்பிட்டுப் பேசினார். அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு மற்றதை வைத்துக் கொடு, பட்டமாவது கிடைக்கும் என்றார். "பந்தல மட்டும் குடுத்துட்டு என்ன சார் பண்றது" என்று வந்துவிட்டாள். அடுத்த மழைக்கு வந்து முடித்துத் தருகிறேன் என்று அவரிடம் சொன்னாள். வைகாசியில் போனாள். அடுத்த மழைக்கு வரவில்லை. அதற்கடுத்த மழைக்கு அவளுக்குக் குழந்தை பிறந்தது. பிறகு இன்னொன்று. கடிதம் வருடத்துக்கு ஒன்றாகி, பொங்கல் வாழ்த்தாகி, நின்றுபோனது. அவள் கடிதங்களில் என்மேல் கோபம் இருந்ததில்லை. ஆய்வகத்தைப் பற்றியும் ஒரு வரி இருந்ததில்லை.

நான் இங்கேயே முனைவர் பட்டம் வாங்கி, இங்கேயே வேலைக்குச் சேர்ந்து, இங்கேயே தலை நரைத்தேன். என்னோடு எத்தனையோ பேர் அந்த மேசையில் உட்கார்ந்தார்கள். கெட்டிக்காரர்கள்தான், வள்ளிக்காவைவிடக் கெட்டிக்காரர்களும் உண்டு. ஆனால் பூச்சியின் கால் சட்டென்று அசையும்போது பக்கத்துத் தோளும் சேர்ந்து அசைவது அவளோடு முடிந்துவிட்டது. நரம்பின் துடிப்பை ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்போம் இல்லையா, சோளம் பொரிவது போன்ற அந்தச் சத்தம் முதன்முதலில் வந்த அன்று நாங்கள் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இன்றுவரை அந்தச் சத்தம் கேட்டால் என் கை தானாகப் பக்கத்தில் தேடும். உங்களில் ஒருத்தி போன மாதம் "மேடம், பேனா வேணுமா?" என்று கேட்டாளே, அது இதுதான்.

அந்தக் கேள்வியை நான் ஏன் செய்து முடிக்கவில்லை என்று கேட்பீர்கள். என்னிடம் மழை வந்தது, பூச்சி வந்தது, பிறகு கேமராகூட வந்தது. ஒவ்வொரு ஐப்பசியிலும் இந்த வருடம் செய்துவிடலாம் என்று நினைப்பேன். அவள் வந்துவிட்டால் அவளே செய்யட்டுமே என்று தள்ளிவைப்பேன். அது மரியாதை இல்லை. அவளுக்கு ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

போன ஆவணியில் அறந்தாங்கியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். துபாய்க் குடும்பம் திரும்பி வந்துவிட்டது, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீடு கட்டியிருக்கிறார்கள் என்று பந்தியில் யாரோ சொன்னார்கள். பாயசம் வருவதற்கு முன் எழுந்துவிட்டேன்.

கதவைத் திறந்தவளுக்கு முடி முழுக்க வெளுத்திருந்தது. "வா த்தா" என்றாள், நேற்றுப் போய் இன்று வந்தவளைச் சொல்வதுபோல. டீ போட்டாள். பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். அவள் கணவர் கொஞ்ச நேரம் பேசிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அவள் விரல்களில் இப்போது காய்ப்பு இல்லை. நான் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்க்கா. கண்மாய்க்குக் கூண்டத் தூக்கிட்டு வந்தேன்ல, அப்பவே எனக்குத் தெரியும்."

"திங்கக்கெழமைன்னு அன்னிக்கே சொன்னியே."

"சொன்னேன். ஆனா மன்னிச்சுக்கங்கன்னு கேக்கல."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்கும் தெரியும் த்தா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"என்னன்னு தெரியாது. ஏதோ இருக்குன்னு தெரியும். நாலு நாளா ஒம்மூஞ்சியே சரியில்ல. நெதம் போடுற முடிச்சு, அவுக்கத் தெரியாதா எனக்கு? நீ வாயத் தெறப்பேன்னுதான் அம்புட்டு நேரம் அதப் போட்டு நோண்டிக்கிட்டுக் கெடந்தேன்."

"நீங்க விடாமக் கேட்டிருக்கலாமேக்கா."

"கேட்டிருந்தா சொல்லியிருப்ப." மாடிப்படியை ஒருமுறை பார்த்தாள். "சொல்லிட்டா டிக்கெட்டத் தள்ளிப்போட வேண்டி வந்துருமோன்னு பயந்துட்டேன். ஆறு வருசம் த்தா. அதான் வெயிலுன்னு நீ சொன்னதும், சரி வெயிலுதான்னு விட்டுட்டேன்."

மாடியில் அவர் இருமுவது கேட்டது.

"பதினாலு இருந்துச்சுல்ல?" என்றாள்.

"பதினாலு."

"போதும்ல?"

"போதும்க்கா" என்றேன்.